கிண்ணத்துக்குப் புறப்பட்ட கொடி

1832-ஆம் ஆண்டு. மதுரைச் சீமையில் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த கத்தோலிக்கப் பாதிரியார்களுக்குத் தொல்லைகளுக்குப் பஞ்சமில்லை. வெயில், விஷக்காய்ச்சல், வாந்திபேதி என்று நீண்ட அந்தப் பட்டியலில் வெளியே தெரியாத தொல்லை ஒன்றும் இருந்தது. பூசை வைக்கக் கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் வேண்டும். கோதுமையை எப்படியாவது வரவழைத்துவிடலாம். ரசத்தில்தான் திருச்சபைச் சட்டம் பிடிவாதமாக நின்றது. திராட்சைப் பழத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது. பனையும் தென்னையும் நிறைந்த நாட்டில், கள்ளுக்கும் பதநீருக்கும் குறைவில்லாத நாட்டில், ஒரு சிறு கிண்ணம் திராட்சை ரசத்துக்காகப் பிரான்ஸிலிருந்து கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கப்பலும் சீக்கிரம் வருகிற கப்பல் அல்ல. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் 37 ஆண்டுகள் பாக்கி. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, மாதக்கணக்கில் வெக்கையில் குலுங்கி வந்த பீப்பாயில் ரசம் ரசமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காடியாகிவிட்டால் பூசைக்கு ஆகாது. இதற்கு ஒரே வழி, கொடியையே இங்கே நட்டுவிடுவது. ஆனால் இந்த மண்ணில் அது பிழைக்குமா?

தமிழ்நாட்டுக்கு ஒயின் புதிதல்ல. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பொற்கிண்ணத்தில் அருந்தியதைப் புறநானூறு பேசுகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது ரோமானிய ஒயின் ஜாடிகளின் உடைந்த சில்லுகள் வெளிப்பட்டன. ஆனால் அது ஜாடியில் வந்த சரக்கு. இந்தியாவுக்குள் கொடியாக வந்தது வடக்கிலிருந்து. 14-ஆம் நூற்றாண்டில் தௌலதாபாத்துக்குப் போன இப்னு பதூதா, அங்கே திராட்சை ஆண்டுக்கு இரண்டு முறை காய்ப்பதைக் குறித்துவைத்தார். தக்காண மண்ணில் கொடி பிழைக்கும் என்பதற்கு அது சாட்சி. தோட்டக்கலை நூல்கள் சொல்லும் கணக்குப்படி, 1832 வாக்கில் மதுரை, சேலம் பக்கங்களில் மிஷனரிகள் திராட்சையை ஊன்றினார்கள். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர்தான் தொடங்கிவைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கொடி பிழைத்துக்கொண்டது. ஆனால் அது நடந்துகொண்ட விதம் ஐரோப்பாவில் யாரும் கண்டிராதது.

ஐரோப்பியக் கொடிக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர் வந்ததும் இலையை உதிர்த்துவிட்டு உறங்கும். வசந்தத்தில் கண் விழித்து, பூத்துக் காய்க்கும். மதுரைப் பக்கம் குளிர் ஏது? கொடி உறங்கவே இல்லை. நுனி நீண்டுகொண்டே போனது, இலை பெருத்தது, பழத்துக்குத்தான் நம்பிக்கை இல்லை. இதற்கு வெப்பநாட்டுத் தோட்டக்காரர்கள் கண்ட வைத்தியம் கத்தி. குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைக் கத்தி செய்தது. கிளையை வெட்டிவிட்டால், வெட்டிய இடத்துக்குக் கீழே இருந்த மொட்டு முளைத்து, பூவோடு கிளம்பியது. எப்போது வெட்டினாலும் அப்போதிலிருந்து நான்கு மாதத்தில் பழம். ஐரோப்பாவின் எந்த ஒயின்காரரும் கனவிலும் காணாத சலுகை இது. ஆனால் அந்தச் சலுகையை முழுசாக அனுபவிக்கப்போகும் கொடி மதுரைச் சீமையில் இல்லை. இங்கிலாந்தில், ஒரு கண்ணாடி வீட்டுக்குள் பிறக்கவிருந்தது.

1746 முதல் இங்கிலாந்தில் கண்ணாடிக்கு வரி இருந்தது. எடை பார்த்து வரி போட்டதால், கண்ணாடிக் கூரை என்பது பிரபுக்களிலும் பெரும் பிரபுக்களுக்கு மட்டும் கட்டுப்படியான சமாசாரம். 1845-இல் அந்த வரி ஒழிந்தது. மாளிகைக்கு மாளிகை கண்ணாடி வீடுகள் எழும்பின. நிலக்கரி எரித்து, குழாய்களில் வெந்நீர் ஓடவிட்டு, இங்கிலாந்தின் மூடுபனிக்கு நடுவே தென்னாட்டு வெயிலைப் போலியாக உண்டாக்கி, அதில் திராட்சை வளர்ப்பது கௌரவமாயிற்று. விருந்து மேஜையில் யாருடைய குலை பெரிது என்பதில் பிரபுக்களுக்குள் போட்டி. அந்தப் போட்டியில் ஜெயிக்க வேண்டிய பொறுப்பு தோட்டக்காரர் தலையில் விழுந்தது.

பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகை. அதன் சொந்தக்காரரான டி கிரே பிரபுவுக்குப் பிரெஞ்சுக் கட்டடக் கலை மேல் தீராத மோகம். 1830-களில் பழைய வீட்டை இடித்துவிட்டு, அசல் பிரெஞ்சு மாளிகை மாதிரியே ஒன்றைக் கட்டிக்கொண்டார். அங்கே தோட்டக்காரராக இருந்தவர் ஸீவர்ட் ஸ்னோ. 1850-ஐ ஒட்டி அவர் இரண்டு பெரிய குடும்பங்களைச் சம்பந்தம் செய்துவைத்தார் என்று திராட்சை நூல்கள் பதிவு செய்கின்றன. ஒன்று பிளாக் ஹாம்பர்க்: ஆல்ப்ஸ் அடிவாரத்துத் திரோல் பகுதியின் இனம், ஜெர்மனி வழியாக இங்கிலாந்துக்கு வந்தது, 1768-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நட்ட கொடி இன்றைக்கும் காய்க்கிறது. இன்னொன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா: மத்தியதரைக் கடலோரத்துப் பழைய இனம், கிட்டப் போனாலே மணக்கும். கறுப்பு நிறமும் பெரிய குலையும் ஒரு பக்கத்திலிருந்து, மணம் மறுபக்கத்திலிருந்து. பிறந்த பிள்ளைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர் விழுந்தது.

பெற்றோர் இவர்கள்தானா என்ற சந்தேகம் ஒன்றரை நூற்றாண்டு தொடர்ந்தது. 2003-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் மன்னா கிரெஸ்பான் மரபணுவைச் சோதித்து, ஆமாம், இவர்கள்தான் என்று உறுதி செய்தார். ஆனால் அந்தப் பதில் தமிழ்நாட்டில் ஒரு புதுக் குழப்பத்தைக் கிளப்பக்கூடியது. பாதிரியார் 1832-இல் கொண்டுவந்தது இதே கொடிதான் என்பது இங்கே பலரும் சொல்லும் கதை. ஸ்னோவின் பிள்ளையோ 1850 வாக்கில் பிறந்தது. இரண்டும் சரியாக இருக்க முடியாது. நூல்கள் சொல்வதை ஏற்றால், பாதிரியார் திராட்சைக்கு வழி திறந்துவைத்தவர். அந்த வழியாக ஸ்னோவின் பிள்ளை பின்னால் நடந்து வந்தது. அது வந்து சேர்வதற்கு முன்பே அதன் எதிரிகள் பிறந்துவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

கண்ணாடி வரி ஒழிந்த அதே 1845. கெண்ட் கடற்கரையில் மார்கேட் என்ற ஊர். எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர் தம் திராட்சை இலைகளில் யாரோ சாம்பலைத் தூவிவிட்டது போன்ற பூச்சைக் கண்டார். துடைத்தால் போனது, மறுபடி வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பூஞ்சாணம் அது. அறிவியல் உலகம் அந்தப் பூஞ்சாணத்துக்கு டக்கரின் பெயரையே வைத்தது. சில ஆண்டுகளில் சாம்பல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பிரான்ஸுக்குள் புகுந்தது. 1854-இல் பிரெஞ்சு ஒயின் உற்பத்தி, நான்கு ஆண்டுக்கு முன் இருந்ததில் கால்பங்கு அளவுக்குச் சரிந்தது. கந்தகத் தூளைத் தூவித் தப்பித்தார்கள். மூச்சு விடுவதற்குள் அடுத்த அடி விழுந்தது.

இந்த முறை வேரில். 1868-இல் தெற்குப் பிரான்ஸில் பட்டுப்போன கொடிகளைப் பிடுங்கிப் பார்த்த தாவரவியலாளர் பிளாங்ஷோன் குழுவினர், வேரில் அப்பியிருந்த மஞ்சள் பூச்சிகளைக் கண்டார்கள். ஃபில்லாக்ஸெரா. அதுவும் அமெரிக்கச் சரக்கு. தோட்டம் தோட்டமாகக் கொடிகள் மாண்டன. அந்தப் பூச்சியைத் தாங்கும் வேர் அமெரிக்கக் கொடிகளுக்கு மட்டுமே இருந்ததால், அமெரிக்க வேரை இறக்குமதி செய்து அதன்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். ஒரு நோய்க்கு மருந்தாக அமெரிக்கக் கொடிகளைக் கப்பல் கப்பலாக இறக்கியதில் இன்னொரு நோயும் தொற்றிக்கொண்டு வந்தது. 1878-இல் இலையின் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. மேல்பக்கம் எண்ணெய்க் கறை மாதிரி மஞ்சளாகி, இலை கருகி உதிர்ந்தது. இதற்குக் கந்தகமும் பலிக்கவில்லை. இலையில்லாத கொடியில் பழம் பழுக்கவில்லை. பிரான்ஸ் கைபிசைந்து நின்றபோது, விடை ஒரு சாலையோரத்தில் நின்றுகொண்டிருந்தது.

1882, அக்டோபர். போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, மெடோக் பகுதியின் ஸேன் ஜூலியன் ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரமெல்லாம் கொடிகள் மொட்டையாக நிற்க, பாதையை ஒட்டிய வரிசைகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். இலையெல்லாம் நீலமாகப் பூச்சு. தோட்டத்து நிர்வாகியை விசாரித்தபோது வந்த பதில், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாதது. வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறார்களாம். விஷம் என்று பயந்து ஒதுங்கட்டும் என்பதற்காக மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பாதையோரக் கொடிகளில் தெளிப்பது அந்த ஊர் வழக்கமாம்.

திருடனுக்கு வைத்த பொறியில் பூஞ்சாணம் சிக்கிக்கொண்டது. மில்லார்டே மூன்று ஆண்டு சோதனை செய்து, 1885-இல் கலவையின் அளவை வெளியிட்டார். போர்டோ கலவை என்று அதற்குப் பெயர். பிரான்ஸின் ஒயின் பிழைத்தது. அந்த நீல மருந்துக்கு உலகத்தின் இன்னொரு மூலையில், அப்போது திராட்சையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கில், பெரிய கிராக்கி காத்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சமயம் திராட்சைக்கு மட்டுமல்ல, குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பக்கம் பெரியாறு வீணாக அரபிக்கடலுக்கு ஓட, மறுபக்கம் மதுரைச் சீமை மழையைப் பார்த்துக் காத்துக் கிடந்தது. 1887-இல் பொறியாளர் பென்னிகுவிக் காட்டுக்குள் அணை கட்டத் தொடங்கினார். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கூலியாட்களை மலைக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். 1895 அக்டோபரில், மேற்கே ஓடிய ஆற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. அது முதலில் தொட்ட மண் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே இன்றைக்கும் பொங்கலோடு பொங்கலாக அந்த வெள்ளைக்காரப் பொறியாளரின் பிறந்தநாளும் கொண்டாடப்படுகிறது. கூடலூரிலிருந்து உத்தமபாளையம் தாண்டிச் சின்னமனூர் வரை நெல் இரண்டு போகம் விளைந்தது. பிற்பாடு வந்த பதினெட்டாம் கால்வாய், பெரியாற்றுத் தண்ணீரை மலையடிவாரத்தை ஒட்டித் தேவாரம் பக்கம் வரை கொண்டுபோனது. தண்ணீர் வந்துவிட்டது. வெயில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் பள்ளத்தாக்கின் கதைக்கு வேண்டிய இன்னொரு பொருள் பிரான்ஸிலேயே அப்போது இல்லை.

ஃபில்லாக்ஸெராவுக்குப் பின் பிரான்ஸில் ஒயினுக்குத் தட்டுப்பாடு; தட்டுப்பாடு வந்தால் கலப்படமும் வரும். உலர்திராட்சையை ஊறவைத்து நொதிக்கவைத்ததும், சர்க்கரைத் தண்ணீரும் பெரிய ஊர்களின் பெயர் ஒட்டிய பாட்டில்களில் விலைபோயின. நேர்மையான விவசாயி தெருவில் நின்றான். ரோன் நதிக்கரையின் ஷாட்டோநெஃப்-டு-பாப் ஊரில் பரோன் லெ ருவா என்ற வக்கீல் இருந்தார். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். ஊர்க்காரர்கள் அவரிடம் முறையிட, அவர் 1923-இல் விதிகளை வகுத்தார். எந்த நிலத்தில் விளைந்தது, எந்தக் கொடி, எவ்வளவு வீரியம் என எல்லாவற்றுக்கும் எல்லை. எந்த நிலம் கொடிக்கு ஏற்றது என்று எப்படி முடிவு செய்வது? லாவண்டரும் தைம் செடியும் சேர்ந்து வளரும் வறண்ட நிலம்தான் கணக்கு என்றார். இதர நிலத்தில் விளைந்ததற்கு ஊர்ப் பெயர் கிடையாது. 1935-இல் இதுவே பிரான்ஸ் முழுமைக்கும் சட்டமாயிற்று. ஊரின் பெயர் ஊருக்கே சொந்தம் என்ற அந்தச் சட்டம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கும் தேனி மாவட்டத்தை எட்ட இன்னும் 88 ஆண்டுகள் ஆகவிருந்தது. அதற்குள் கொடி வந்து சேர்ந்துவிட்டது.

நெல் விளைந்த வயலுக்கு மேட்டில், கிணற்றுப் பாசனத்தில், கல்தூண்கள் முளைத்தன. தூணுக்குத் தூண் கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல் போட்டு, அதில் கொடியைப் படரவிட்டார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, ஓடைப்பட்டி என்று பந்தல் பரவியது. ஐரோப்பாவின் ஒயின்தோட்டத்தில் இடுப்பளவு உயரத்துக்கு வெட்டி நிறுத்திய கொடி, இங்கே வீட்டுக்கூரையின் விஸ்தாரத்துக்கு விரிந்தது. பந்தலுக்கு மேலே வெயில், கீழே நிழல். நடுவே கறுப்புக் குலைகள் கூரையிலிருந்து தொங்கின. பாதிரியார் காலத்தில் கண்ட கத்தி வைத்தியம் இங்கே கவாத்து என்ற பெயரில் தினசரி வேலையாயிற்று. ஒரு தோட்டத்தில் இன்று கவாத்து, அடுத்த தோட்டத்தில் அடுத்த மாதம் கவாத்து என்று முறை வைத்து வெட்டியதில், வடக்கே நாசிக்கில் பருவத்துக்குக் காய்க்கும் திராட்சை இந்தப் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடையானது.

எதிரிகளும் சும்மா இருக்கவில்லை. மார்கேட்டில் டக்கர் துடைத்த அதே சாம்பல் பந்தலுக்கும் வந்தது. மழைக்காலத்தில், பிரான்ஸில் இலையின் அடிப்பக்கம் பூத்த அந்த அடிச்சாம்பலும் வந்தது. கவாத்து முடிந்த கையோடு பந்தல்காரர்கள் பிளாஸ்டிக் வாளிகளோடு உட்கார்ந்தார்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. ஒரு வாளியில் ஒரு கிலோ மயில்துத்தம், இன்னொன்றில் ஒரு கிலோ சுண்ணாம்பு, தனித்தனியாகக் கரைத்தது. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க, மொத்தம் 100 லிட்டர். பதம் பார்க்க ஒரு கத்தியை உள்ளே விட்டு எடுப்பார்கள். கத்தியில் செம்பு செக்கச்செவேலென்று படிந்தால் கலவை இலையைச் சுட்டுவிடும்; இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தி வெள்ளையாகவே வந்தால் தெளிக்கலாம். போர்டோ ஒயினை வாழ்நாளில் கண்ணால் பார்க்காத விவசாயியும் போர்டோ கலவையைக் கண்ணை மூடிக்கொண்டு தயாரித்தார்.

அப்படி வளர்ந்த ஸ்னோவின் பிள்ளைக்குப் பள்ளத்தாக்கு வேறு பெயர் வைத்தது. மஸ்கட் தந்தை வழியில் வந்த வாசனையில் ஜெரானியால், நெரால் போன்ற சேர்மங்கள் உண்டு. ரோஜாவை மணக்கவைப்பவையும் அவைதான். பழத்தைக் கடித்தவர்களுக்குக் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர் ஞாபகம் வந்ததில் வியப்பில்லை. தள்ளுவண்டியில் குவித்துவைத்து, கிலோ கணக்கில் நிறுத்துப் போடும், கொட்டை இருப்பதால் கொஞ்சம் மட்டமாகப் பார்க்கப்படும், குழந்தைகள் தோலை உறிஞ்சித் துப்பும் கறுப்புப் பழம். ஆல்ப்ஸுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் பேரப்பிள்ளையாகி, ஆங்கிலப் பிரபுவின் கண்ணாடி வீட்டில் நிலக்கரிச் சூட்டில் பிறந்த அந்தப் பழம்தான் பன்னீர் திராட்சை. தமிழ்நாட்டில் திராட்சை விளையும் பரப்பில் 85 சதவிகிதம் அதன் வசம் வந்தது. ஆனால் எந்தக் கிண்ணத்துக்காக இந்த மண்ணில் திராட்சை ஊன்றப்பட்டதோ, அந்தக் கிண்ணம் என்ன ஆயிற்று?

கிண்ணத்துக்கு வழி அடைபட்டுக் கிடந்தது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. பூசைக்கான ரசத்துக்கு மட்டும் அனுமதி இருந்தது. வியாபாரத்துக்கு ஒயின் காய்ச்சும் பேச்சுக்கு இடமில்லை. மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில் கதை வேறு. கிறிஸ்துமஸுக்கு முன்பு குமுளி, கம்பம் மெட்டு வழியாக லாரி லாரியாகப் போன கறுப்புத் திராட்சை, அங்கே வீட்டு அடுக்களையில் பீங்கான் பரணிகளுக்குள் சர்க்கரையோடும் பட்டை கிராம்போடும் நொதித்தது. தித்திப்பாக, மருந்து வாசனையோடு, கேக்குக்குத் தோதாக இருந்தது அந்த ஒயின். பிரெஞ்சுக்காரர் யாராவது ருசித்திருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பழத்தைத் தேடி வரத்தான் செய்தார்கள். வந்த இடம் இந்தியா அல்ல.

1980. மாவோ மறைந்து நான்கு ஆண்டு ஆன சீனா கதவைத் திறந்துவைத்த சமயம். கோன்யாக் காய்ச்சும் ரெமி மார்ட்டின் நிறுவனம் டியான்ஜின் நகரத்துக்குப் போய்க் கூட்டு ஒயின் ஆலை தொடங்கியது. டைனஸ்டி என்று பெயர். பிரான்ஸின் பெயர் பெற்ற ஒயின் இனங்கள் அங்கே கைவசம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் விளைந்துகொண்டிருந்தது மஸ்கட் ஹாம்பர்க். சீனர்களும் அதில் ரோஜா வாசனையைத்தான் கண்டிருந்தார்கள். கறுப்புத் தோலைப் படியவிடாமல் சாற்றை மட்டும் பிழிந்து, பிரெஞ்சு முறையில் இலேசான வெள்ளை ஒயினாக வடித்தார்கள். சீனாவின் நவீன ஒயின் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட பாட்டில்களில் ஒன்று அது. கம்பத்தில் வண்டியேறிக்கொண்டிருந்த அதே பழம் டியான்ஜினில் பாட்டில் ஏறியிருந்தது.

இந்தியாவுக்கும் பிரெஞ்சு நிபுணர்கள் வந்தார்கள். 1980-களில் மகாராஷ்டிரத்து இண்டேஜ் நிறுவனம் ஷாம்பெயின் நிபுணர்களை வரவழைத்து நுரைக்கும் ஒயின் செய்தது. 1988-இல் கன்வல் குரோவர், ஷாம்பெயின் பகுதியின் ஜார்ஜ் வெஸலோடு சேர்ந்து பெங்களூர் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சுக் கொடிகளை ஊன்றினார். 1990-களில் போர்டோவின் மிஷெல் ரோலான் அங்கே ஆலோசகராக வந்தார். கம்பத்தை அவர்கள் எட்டிப் பார்க்காததற்குக் காரணம் இருந்தது. நந்தி மலையடிவாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், இரவில் குளிரும். இரவு குளிர்ந்தால்தான் பழத்தில் புளிப்பு தங்கும். பள்ளத்தாக்கின் வெதுவெதுப்பான இரவில் புளிப்பு கரைந்துபோகும். 12, 13 சதவிகித வீரியமுள்ள ஒயினுக்குப் பழச்சாற்றில் 22 முதல் 24 சதவிகிதம் சர்க்கரை ஏற வேண்டும். தின்பதற்காகப் பறிக்கும் பன்னீர் அந்த அளவை எட்டுவது அரிது. சிவப்பு ஒயினுக்கு உடல்வாகு கொடுக்கும் துவர்ப்பும் அதன் தோலில் குறைச்சல். சர்க்கரையைச் சேர்த்துத் தித்திப்பு ஒயின் செய்யலாம். டியான்ஜின் வழியில் வெள்ளை ஒயினும் செய்யலாம். பிரெஞ்சுப் பாணிச் சிவப்பு ஒயினுக்கு அது பிறக்கவில்லை. 2006-இல் தமிழக அரசு ஒயின் உற்பத்திக்கு விதிகள் வகுத்தது. தேனி மாவட்டத்திலேயே ஆலையும் வந்தது. ஆனாலும் பந்தலில் விளைந்ததில் பெரும்பகுதி பழமாகவே லாரி ஏறியது. கிண்ணம் கைநழுவியது என்று முடிவு கட்டுவதற்குள், பிரான்ஸிலிருந்தே ஒரு விசித்திரமான செய்தி.

ரோன் நதிக்குக் கிழக்கே வெந்து மலை. பரோன் லெ ருவா விதி எழுதிய ஷாட்டோநெஃப் இருக்கும் அதே வொக்ளூஸ் மாவட்டம். அந்த மலையடிவாரத்து விவசாயிகளும் மஸ்கட் ஹாம்பர்க்கைத்தான் வளர்த்தார்கள். அவர்களும் அதைத் தின்னும் பழமாகத்தான் விற்றார்கள். ஒயினுக்காக எழுதிய சட்டத்தை அவர்கள் பழத்துக்குக் கேட்டார்கள். குலையின் தோற்றம் முதல் இனிப்பின் அளவு வரை கணக்குக் காட்டினார்கள். 1997-இல் கிடைத்தது. ஒயின் நாட்டிலேயே இந்தப் பழத்துக்கு ஒயினாகாமல் ஊர்ப்பெயர் முத்திரை! கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனால் அதே முத்திரை டெல்லி வழியாக அவரை நோக்கிக் கிளம்பியிருந்தது.

பிரான்ஸில் வேர்விட்ட அந்த யோசனை உலக வர்த்தக ஒப்பந்தங்களில் ஏறி, இந்தியாவில் 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டமாயிற்று. டார்ஜிலிங் தேயிலை முதலில் வாங்கியது. காஞ்சிபுரம் பட்டு வாங்கியது. திருநெல்வேலியின் பத்தமடைப் பாய் வாங்கியது. 2023-இல் மணப்பாறை முறுக்கோடும் ஆத்தூர் வெற்றிலையோடும் கம்பம் பன்னீர் திராட்சையும் அந்தப் பட்டியலில் ஏறியது. வேறெங்கோ விளைந்த பழத்தைக் கம்பம் பெயர் சொல்லி விற்பதைத் தடுக்கும் உரிமை பள்ளத்தாக்குக்குக் கிடைத்தது. முத்திரை விழுந்த மறுநாள் வியாபாரி விலையை ஏற்றிவிடவில்லை. பந்தலடியில் பேசும் விலையை மழையும் கேரளத்துக் கிராக்கியும்தான் தொடர்ந்து தீர்மானித்தன. லெ ருவாவின் ஊரிலும் விதி எழுதியவுடன் காசு கொட்டவில்லை. வழக்காடி ஜெயிக்கவே பத்து ஆண்டு பிடித்தது.

ஒயினுக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் அரும்பாடுபட்டதில் மூன்று விஷயங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வரை வந்து சேர்ந்தன. பூசைக் கிண்ணத்துக்காகக் கொடி வந்தது. மெடோக்கின் திருட்டுப் பயத்திலிருந்து நீல மருந்து வந்தது. ஷாட்டோநெஃப்பின் கலப்பட வழக்கிலிருந்து ஊர்ப்பெயர் உரிமை வந்தது. நல்ல ஒயின் ஒன்றுதான் பாக்கி. அதற்குக் கொடி தயார், மருந்து தயார், பாட்டிலில் ஒட்ட வேண்டிய பெயர்கூட அரசுப் பதிவேட்டில் ஏறித் தயார். டியான்ஜினுக்குப் போய்ப் பார்த்துவர ஆள்தான் வேண்டும்.